முப்பது வரை எண்ணியவர்

ஜூன் 11, செவ்வாய்

ஒன்பது நாளைக்குப் பிறகு காலையில் தண்ணீர் வந்தது. குடங்களையும் டிரம்மையும் நிரப்பிவிட்டு ஆபீசுக்குப் போய்ச் சேரும்போது பத்து மணி ஆகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்ததும் சர்வீஸ் பிரிவு அந்தோணி வந்து மேசை அருகில் நின்றார். வழக்கமாக வரும்போதே பேசிக்கொண்டு வருகிறவர், இன்று சும்மா நின்றார்.

"மேடம், பெருந்துறை பெயின்ட் கம்பெனில நம்ம எந்திரத்துல ஒருத்தரு மாட்டிக்கிட்டாராம். ஆளு போயிட்டாருன்னு சொல்றாங்க."

"யாரு?"

"மயில்சாமி. உங்களுக்குத் தெரியுமே, அந்த ஆபரேட்டரு."

முதலாளி ஜெகதீசன் சாரும் அந்தோணியும் உடனே காரில் கிளம்பினார்கள். நானும் வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்று சார் கையைக் காட்டினார்.

அந்த எந்திரம் நான் வரைந்தது. இருநூறு லிட்டர் பீப்பாயை ஒரு இரும்புக் கை கவ்வித் தூக்கி, ஆள் உயரத்துக்குக் கொண்டுபோய், தொட்டியில் கவிழ்க்கும். இதுவரை பதினொன்று விற்றிருக்கிறோம். எதிலும் ஒரு புகார் வந்ததில்லை. எல்லாம் கணினியில் ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினோம்.

மாலையில் மகள் மிருதுளாவை டியூஷனில் விட வண்டி ஓட்டிக்கொண்டு போனபோது சிக்னலில் பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

ஜூன் 12, புதன்

உடலை இன்று கொடுத்தார்களாம். நான் போகவில்லை. இட்லிக்கு மாவு அரைத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

அந்தோணி விவரம் சொன்னார். பீப்பாயைத் தூக்கும்போது கொஞ்சம் பெயின்ட் தரையில் சிந்தியிருக்கிறது. அதே நேரம் கரண்ட் போயிருக்கிறது. எந்திரத்தின் கை பாதியில் நின்றுவிட்டது. பெயின்ட் காய்ந்து ஒட்டிக்கொள்வதற்குள் துடைத்துவிடலாம் என்று மயில்சாமி பழந்துணியோடு கைக்குக் கீழே போய்க் குனிந்திருக்கிறார். கை விழுந்துவிட்டது.

எனக்கு அவரை இரண்டு நாள்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மே மாதக் கடைசியில், முதல் எந்திரத்தை நிறுவப் போயிருந்தோம். அதற்கு முந்தின வாரம்தான் மிருதுளாவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் சரியாகத் தூங்காமல் இருந்தேன். மயில்சாமிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான ஆள். ஒவ்வொரு பட்டனையும் மூன்று தடவை கேட்டுத்தான் அழுத்துவார். இரண்டாம் நாள் என்னிடம் வந்து, "மேடம், எச்சரிக்கை ஸ்டிக்கரெல்லாம் இங்கிலீசுல இருக்குதுங்க. நாங்க எங்கீங்க படிக்கறது? தமிழ்ல எழுதிக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அச்சடித்து அனுப்பினோம். பிறகு எல்லா எந்திரத்துக்கும் அதையே ஒட்டினோம். "மின்சாரம் நின்றால் முப்பது விநாடி காத்திருக்கவும். கை அசையவில்லை என்று உறுதி செய்த பிறகே அருகில் செல்லவும்."

அவர் அதை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்துவிட்டு, "இது போதுமுங்க" என்றார்.

ஜூன் 17, திங்கள்

சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு வாரத்தில் முகம் வற்றிவிட்டது.

"சுபத்ரா, தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் நம்மகிட்ட விளக்கம் கேட்டிருக்காங்க. எப்படி நடந்துச்சுன்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டணும். நீதான் பண்ணணும்."

"எப்படி நடந்துச்சுங்க சார்?"

"பூட்டுக் கொக்கி இருக்கறப்ப கை எப்படி எறங்கும்? கைல கொக்கியத் தூக்கி விட்டாத்தான் எறங்கும். அவரு தூக்கியிருக்காரு. கைய எறக்கிட்டுத் தொடைக்கலாம்னு நெனச்சிருப்பாரு. பாவம். வேற எப்படி?"

வேறு வழியில் நடந்திருக்காது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. கையைக் காற்று அழுத்தத்தில் தூக்குகிறோம். காற்று போய்விட்டால் தாங்குவதற்காக அச்சில் ஒரு பற்சக்கரம், அதன்மேல் ஒரு கொக்கி. கை ஏற ஏறக் கொக்கி பல் பல்லாகத் தாண்டிக்கொண்டே வரும். எந்த இடத்தில் நின்றாலும் ஒரு பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும். அது அப்படித்தான் வேலை செய்யும்.

ஜூன் 18, செவ்வாய்

புதுக் கோப்பு ஒன்று ஆரம்பித்தேன். பழையதைத் திறக்கவில்லை. அவசியமில்லை, பாகங்கள் எல்லாம் சர்வரில் இருக்கின்றன.

கேஸ் சிலிண்டர் வந்தது. என் கணவர் கருணாகரன் மூன்று நாளாக மில் வேலையாகத் திருப்பூரிலேயே தங்கியிருக்கிறார். அவரிடம் போனில் விபத்தைப் பற்றிச் சொன்னேன். "உன் மேல ஒண்ணும் வராதுல்ல?" என்று கேட்டார். வராது என்றேன்.

ஜூன் 20, வியாழன்

அளவெடுக்கப் பெருந்துறை போனேன். எந்திரத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அவர் கிடந்த இடத்தில் தரையில் சுண்ணாம்பால் குறி போட்டிருந்தது. பெயின்ட் நீல நிறம். யாரும் துடைக்காததால் காய்ந்து தோலாகிக் கிடந்தது.

கை நின்ற உயரம், சுவரிலிருந்து தூரம், குறியின் இடம் எல்லாம் குறித்துக்கொண்டேன். மனிதப் பொம்மை வைப்பதற்கு மயில்சாமியின் உயரமும் எடையும் வேண்டும். ஆலையின் மருத்துவ அட்டையைக் காட்டினார்கள். உயரம் 168, எடை 61, கண் பார்வை சரி, வேலைக்குத் தகுதியானவர்.

வெளியே வரும்போது அவரோடு வேலை பார்த்த தெய்வானை என்ற பெண் என் பின்னாலேயே வந்தார்.

"நீங்கதானுங்களே இந்த மிசினப் பண்ணுனது?"

"ஆமாங்க."

"அண்ணன் ஒண்ணும் அவசரப்படலீங்க. நான் பக்கத்துல பாக்கெட் அடுக்கீட்டு இருந்தேன். கரண்ட் போனதும் நின்னு எண்ணுனாருங்க. எப்பவும் சத்தமாத்தான் எண்ணுவாரு, நாங்க கேலி பண்ணுவோம். இருவத்தொம்போது, முப்பதுன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. அப்பறந்தான் துணிய எடுத்தாரு."

"கொக்கியத் தூக்குனாருங்களா?"

"அவரு எதையுந் தொடலீங்க. குனிஞ்சாரு, அவ்ளோதான்."

வேறு யாரிடமாவது இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். சூப்பர்வைசரிடம் சொன்னேன் என்றார். நான் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினேன். வேலை மும்முரத்தில் இருப்பவருக்கு எல்லாமே சரியாகத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஜூன் 24, திங்கள்

முடித்துவிட்டேன். பதினான்கு விநாடிப் படம். கை பாதியில் நிற்கிறது. பொம்மை உள்ளே வருகிறது, வலது கையை நீட்டிக் கொக்கியின் நெம்புகோலைத் தூக்குகிறது. எந்திரக் கை விழுகிறது. பொம்மைக்குச் சாம்பல் நிறம் கொடுத்தேன். முகம் கிடையாது.

சுண்ணாம்புக் குறியில் நிறுத்தினால் பொம்மையின் கை நெம்புகோலுக்கு எட்டவில்லை. இருபது சென்டிமீட்டர் முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது. அளவெடுப்பதில் அந்த அளவு பிழை வரக்கூடியதுதான்.

சார் இரண்டு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். "இது போதும்மா" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 3, புதன்

இன்று விசாரணை. இன்ஸ்பெக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். ஆலைத் தரப்பில் இரண்டு பேர், எங்கள் தரப்பில் சாரும் நானும். சுவரோரமாக மயில்சாமியின் மனைவி ருக்குமணி, தன் அண்ணனோடு உட்கார்ந்திருந்தார். அவர் வருவார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

படத்தைச் சுவரில் ஓட்டினார்கள். பொம்மை உள்ளே வந்தது.

"இது எங்க வீட்டுக்காரருங்களா?" என்று ருக்குமணி கேட்டார்.

"அவரு மாதிரி ஒரு பொம்மைம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வெளிய உக்காருங்க."

"இல்லீங்க, பாக்கறேன்."

கை விழும் முன் இன்ஸ்பெக்டர் படத்தை நிறுத்திவிட்டார். ருக்குமணி அந்தப் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு எதுக்குங்க அந்தக் கொக்கியத் தூக்கறாரு?" என்றார். சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனிகளின் பக்கம் இருந்தவர்களில் நான் ஒருத்திதான் பெண் என்பதாலோ என்னவோ ருக்குமணி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கக்கா."

"கொக்கியத் தூக்குனாத்தான் கை கீழ வருங்க" என்றேன்.

"அப்ப அவரேதான் பண்ணிக்கிட்டாருன்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்லலீங்க."

"வேற எப்படிங்க?"

அவருடைய அண்ணன், "விடு கண்ணு, படிச்சவங்க சொல்றாங்க" என்றார்.

திரும்பும்போது காரில் சார் ரேடியோவைப் போட்டார், உடனே நிறுத்திவிட்டார்.

ஜூலை 4, வியாழன்

விடுப்பு. வீட்டிலிருக்கும் எல்லாப் போர்வையையும் துவைத்தேன்.

ஜூலை 6, சனி

பழைய கோப்பை இன்று திறந்தேன்.

எழுத வேண்டும். இரண்டு வருஷமாக இந்த நோட்டில் இதை எழுதவில்லை. அன்றைய தேதியில் என்ன எழுதியிருக்கிறேன் என்று பழைய பக்கங்களைப் புரட்டினேன். "பிளேட்லெட் நாற்பதாயிரம். வீடியோ அனுப்பியாயிற்று" என்று மட்டும் இருக்கிறது.

கணினிக்குள் இருக்கும் பாகங்களுக்கு உடம்பு கிடையாது. ஒன்று இன்னொன்றில் மோதும் என்று நாம் சொன்னால்தான் மோதும். சொல்லாவிட்டால் இரும்புக்குள் இரும்பு புகுந்து போய்க்கொண்டே இருக்கும். அப்படிச் சொல்வதற்கு கான்டாக்ட் என்று பெயர். கொக்கிக்கும் பற்சக்கரத்துக்கும் கான்டாக்ட் கொடுத்துத்தான் ஓட்டினேன். ஏழாவது பல் வந்ததும் கணக்கு நின்றுவிட்டது. தீர்வு கிடைக்கவில்லை என்று சிவப்பில் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் கொக்கியின் முனை பல்லுக்குள் இறங்காமல் பல்லின் உச்சியில் நின்றுகொண்டிருந்தது.

அதை நான் பார்த்தேன். மிருதுளாவின் கட்டில் ஓரத்தில், மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. எந்திரம் கிளம்புவதற்கு முன், மறுநாள் காலை வாடிக்கையாளருக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று சார் இரண்டு தடவை கூப்பிட்டிருந்தார். இது மென்பொருளின் கோளாறு, நிஜத்தில் ஸ்பிரிங் இழுத்து இறக்கிவிடும் என்று நினைத்தேன். கான்டாக்டை எடுத்துவிட்டு, கொக்கி எப்போதும் பல்லில் உட்கார்ந்திருப்பது போல வெறுமனே பிணைத்துவிட்டேன். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. குழந்தை வீட்டுக்கு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். பிறகு நான் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

காலை முதல் ஓட்டினேன். பழைய பிணைப்பை எடுத்தேன், கான்டாக்ட் கொடுத்தேன், கையை அன்று நின்ற உயரத்தில், ஏழாவது பல்லில் நிறுத்தினேன், பீப்பாயின் எடை, ஸ்பிரிங்கின் உண்மையான இழுவிசை எல்லாம் கொடுத்தேன். கரண்ட் போனதும் காற்று எவ்வளவு வேகத்தில் கசியும் என்பதற்கு அந்தோணி போன வருஷம் எடுத்த அளவைக் கொடுத்தேன். பொம்மையைச் சுண்ணாம்புக் குறிக்குத் திரும்பக் கொண்டுவந்து குனிய வைத்தேன். அது எதையும் தொடவில்லை.

சமைக்கவில்லை. மிருதுளா ரொட்டி சாப்பிட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்றாள்.

"ஒண்ணுமே ஆகலியேம்மா. நின்னுட்டே இருக்கு."

"பாரு."

பத்து விநாடி. இருபது. முப்பது. கையைத் தூக்கும் சிலிண்டரில் காற்று மிச்சமிருக்கும்வரை அதைக் காற்றே தாங்குகிறது. கொக்கியின்மேல் பாரமே இல்லை. முப்பத்தெட்டாவது விநாடியில் பாரம் மெதுவாகக் கொக்கிக்கு மாறுகிறது. அது பல்லின் உச்சியில் நிற்கிறது. நாற்பத்தோராவது விநாடியில் முனை வழுக்குகிறது. அடுத்த பல்லிலாவது பிடிக்க வேண்டும். ஆனால் அதற்குள் கை வேகம் எடுத்துவிடுகிறது. கொக்கி ஒவ்வொரு பல்லின்மேலும் துள்ளித் துள்ளிப் போகிறது.

"அந்த ஆளு ஏம்மா நகரவே இல்ல?" என்று மிருதுளா கேட்டாள்.

நான் திரையை மூடினேன். அவர் கேட்டார், நான் எழுதிக் கொடுத்தேன். முப்பது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். எந்தக் கணக்கிலிருந்தும் வரவில்லை. முழு எண்ணாக இருக்கட்டும் என்று போட்டேன். ஒரு நிமிஷம் என்று போட்டிருந்தால் அவர் ஒரு நிமிஷம் எண்ணியிருப்பார்.

ஜூலை 8, திங்கள்

சாரிடம் காட்டினேன். நாற்பத்தொரு விநாடியும் அசையாமல் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு வாட்டி ஓட்டுனா வேற மாதிரி வருமா?"

"எத்தன வாட்டி ஓட்டுனாலும் ஏழாவது பல்லுல இதான் சார் வருது. மத்த பல்லுல நின்னா புடிச்சுக்குது. அதனாலதான் இத்தன நாள் ஒண்ணும் ஆகல."

"அப்ப பதினொரு எந்திரமும் இப்படித்தான் நிக்குதா?"

"ஆமாங்க."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே பட்டறையில் வெல்டிங் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "இங்க முப்பத்தெட்டுப் பேரு வேலை பாக்கறாங்க சுபத்ரா. நீ பிரசவத்துக்குப் போயிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு வந்தப்ப உன்னோட எடத்துல வேற ஆளப் போடாம வெச்சிருந்தேன். நான் கெட்டவனா?"

"இல்லீங்க சார்."

"கான்டாக்ட எடுக்கச் சொல்லி நான் சொன்னனா?"

"இல்லீங்க. நான்தான் எடுத்தேன்."

"டிராயிங்ல உன்னோட கையெழுத்துதான் இருக்குது. அன்னிக்கு ஆபீசருக்கு முன்னால படத்தக் காட்டுனதும் நீதான். இத வெளிய குடுத்தா மொதல்ல உன்னைத்தான் கேப்பாங்க. அத யோசிச்சியா?"

யோசித்தேன் என்றேன். உண்மையில் யோசிக்கவில்லை. அவர் சொன்ன பிறகுதான் டிராயிங்கைத் திறந்து என் கையெழுத்தைப் பார்த்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

கருணாகரன் வந்திருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மிருதுளா இந்த வருஷம் பத்தாவது" என்றார்.

"தெரியும்."

"நீ சொல்றதுனால அவரு திரும்பி வரப் போறாரா?"

"அவரு வர மாட்டாரு. மிச்சம் பத்து எந்திரத்துக்கு அடியில தெனம் ஆளு போயிட்டு வர்றாங்க. எல்லாரும் நான் எழுதுன ஸ்டிக்கரப் படிச்சுட்டுத்தான் போவாங்க."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தார். பிறகு கொடிக்குப் போய்த் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்தார். வழக்கமாக அவர் அந்த வேலை செய்ய மாட்டார். கடைசியில், "குடுத்துரு. நான் என்ன சொன்னாலும் நீ குடுக்கத்தான் போற" என்றார். குரலில் கோபம் இல்லை. பயந்திருக்கிறார்.

ஜூலை 10, புதன்

இன்ஸ்பெக்டரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய கோப்பு, புதிய கோப்பு, இரண்டு படங்கள், பொம்மையை இருபது சென்டிமீட்டர் நகர்த்தியது, தெய்வானை சொன்னது, எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலரைப் பக்கம் வந்தது.

அவர் வாசித்து முடிக்கும்வரை மேசைமேல் இருந்த காகித எடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பாராட்டு எதுவும் இல்லை.

"அந்தம்மா உங்ககிட்டதானே கேட்டாங்க?"

"ஆமாங்க மேடம்."

"அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. தெரியாது என்பது சரியான வார்த்தை இல்லை.

ஜூலை 11, வியாழன்

ஆபீசுக்கு வர வேண்டாம் என்று சார் அந்தோணி மூலம் சொல்லி அனுப்பினார். என் டிபன் டப்பாவையும் குடையையும் அந்தோணியே வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். டீ போட்டேன். குடித்துவிட்டுப் போனார்.

ஜூலை 27, சனி

ருக்குமணி வீட்டுக்குப் போனேன். தொழிலாளியின் கவனக்குறைவு என்ற வரியை அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள், சேர வேண்டியது அவருக்குச் சேரும் என்று இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் சொன்னார்கள். அது கடிதமாகவே அவருக்குப் போய்விடும். நான் போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் போனேன்.

பெருந்துறையிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், சிமென்ட் ஷீட் போட்ட வாடகை வீடு. வாசலில் நின்று என் பெயரைச் சொன்னேன். உள்ளே வரச் சொல்லி பிளாஸ்டிக் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். மகள் நர்சிங் படிக்கிறாளாம், ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"அவரு கொக்கியத் தூக்கலீங்க. எதையுமே தொடல. அன்னைக்கு நான் உங்ககிட்டச் சொன்னது பொய்" என்றேன். "எந்திரத்துல தப்பு இருந்துச்சுங்க. எங்க கம்பெனி தப்பு."

"கம்பெனின்னா யாருங்க?"

"நான்."

அவர் தரையில் உட்கார்ந்தார். நான் முழுவதையும் சொன்னேன். பற்சக்கரம், காற்று எல்லாம் அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்ததைச் சொல்லாமல் விட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அதையும் சொல்லிவிட்டேன். சொன்ன உடனே வெட்கமாக இருந்தது.

"கொழந்தைக்கு இப்ப நல்லாயிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"நல்லாயிருக்காங்க."

பிறகு, "ஒண்ணு கேக்கோணுமுங்க. அந்தப் படத்துல அத்தன கணக்கும் இருக்குமுன்னு அண்ணன் சொன்னாரு. அது உளுகறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுங்க?" என்றார்.

அந்த எண் எனக்குத் தெரியும். மூன்று தசம இடம் வரைக்கும் தெரியும்.

"அர விநாடிதாங்க. அவருக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது. வலிச்சிருக்காது."

ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன். அவர் விரலால் தரையில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னைய நெனச்சிருக்க மாட்டாரு" என்றார்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. என் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்ததும் வாசலில் நின்றுகொண்டு, "வந்து சொன்னீங்க, சரி. இனி வராதீங்கக்கா. உங்களப் பாத்தா எனக்கு அந்தப் பொம்மதான் ஞாபகம் வருது" என்றார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். நல்ல வெயில்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சார் போன் செய்தார். பதினொரு எந்திரத்தையும் உடனே நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறதாம். வாங்கியவர்கள் எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள்.

"அந்தோணி தனியாப் போனா எதக் கழட்டறதுன்னு தெரியாது. நீ கூடப் போறியா?"

"போறேன் சார்."

"சம்பளத்த நான் பாத்துக்கறேன்."

"வேண்டாங்க."

போனை வைக்காமல் இருந்தார். "நானும் அன்னிக்கு அந்தப் பொண்ணு கேட்டப்ப மேசையைத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

இரண்டு முடிந்தன. ஈரோடு, சேலம்.

ஆகஸ்ட் 21, புதன்

ஏழு முடிந்தன. ஓசூரில் மேனேஜர் எங்களை ஒரு மணி நேரம் வாசலில் நிற்க வைத்தார். உள்ளே போனபோது எந்திரத்தின் கை மேலே நின்றிருந்தது, அதன் கீழே ஒருவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிழலாக இருக்கிறது என்றார். எழுந்து வரச் சொல்லி நான் கத்தியதில் அவர் கையிலிருந்த சோறு சிந்திவிட்டது. வெளியே வந்து வாந்தி எடுத்தேன்.

மிருதுளாவுக்குக் கால் பரீட்சை வருகிறது. அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

வழக்கு பதிவாகிவிட்டது. சார், ஆலை மேனேஜர், நான். வக்கீல் ஒருவரைக் கருணாகரன் பார்த்து வந்திருக்கிறார். நானாகவே போய்ச் சொன்னதைக் கோர்ட்டு கணக்கில் எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமலும் போகலாம் என்றாராம். வேலைக்கு இரண்டு இடத்தில் விண்ணப்பித்தேன். ஒரு இடத்தில் என் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று கரூர். அதுதான் கடைசி.

சாயப் பட்டறைக்கு மருந்து கலந்து கொடுக்கும் சின்ன கம்பெனி. ஆபரேட்டர் ஒரு பெண், ஐம்பதை நெருங்கியவர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் சீல் வைக்க வந்திருக்கிறோம் என்றதும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"நல்லாத்தானுங்க ஓடுது. ஒருநாளும் மக்கர் பண்ணுனதில்லீங்களே."

"பண்ணாமலே இருந்து திடீர்னு பண்ணுமுங்க" என்றார் அந்தோணி.

அவர் என்னைப் பார்த்தார். "யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?"

"ஆமாங்க. பெருந்துறைல ஒருத்தர் செத்துட்டாரு."

"பேரென்னங்க அவருக்கு?"

இதுவரை போன ஊர்களில் யாரும் அதைக் கேட்கவில்லை. "மயில்சாமி" என்றேன்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்தோணி எந்திரக் கையைத் தரைமட்டம் வரை இறக்கிக் காற்றுக் குழாயைக் கழற்றினார். நான் பற்சக்கரத்தை உருவி எடுத்துச் சாக்கில் போட்டேன். மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினோம்.

"அப்ப இன்னிக்கு நேரத்துலயே ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்பது போல என் முகத்தைப் பார்த்தார்.

"போங்க" என்றேன்.

மூன்றரை மணிக்கு அவர் முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டி நிறுத்தத்துக்குப் போனார். அந்தோணி வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டார். பேருந்து வந்து அந்தப் பெண் ஏறி உட்காரும்வரை நான் கேட்டருகிலேயே நின்றுகொண்டிருந்தேன்.